ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டவன்

என் மச்சான் எனக்கு வைத்த கெடு ஆடி மாதம்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை மாடிக்கு சூப்பர்வைசர். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் அந்தக் கடையில் நிற்க ஆள் பற்றாது. கையும் காலும் இருக்கிற யாரையும் எடுத்துக்கொள்வார்கள். என்னிடம் இரண்டும் இருந்தன. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்ததும் அவன்தான்.

“மாமா, நல்லா கேட்டுக்கோ. ஆடி பொறக்கறதுக்குள்ள உன் பாட்டுல ஒண்ணே ஒண்ண அந்த வெப்சைட்டு வெள்ளக்காரன் எடுத்துக்கினான்னா, நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ பாட்டுக்கு குந்திக்கினு பொட்டிய தட்டிக்கினு இரு. எடுக்கலன்னு வை, பொட்டிய வித்துட்டு கடைக்கு வந்துரணும். அக்காவ சாட்சியா வெச்சு சொல்றேன்.”

“சாட்சி இன்னாடா சாட்சி? நான்தான் ஜட்ஜு” என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து.

பொட்டி என்று அவன் சொன்னது என் கீபோர்டை. கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் வாசித்து வாசித்து அதில் சில பொத்தான்களின் எழுத்தே அழிந்துபோயிருந்தது. எங்கள் வீடு மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றை அறையும் ஒரு அடுப்படியும். அந்த அறையில் கீபோர்டு நிற்கிற மூலையில்தான் வாஷிங் மெஷின் வைக்க முடியும் என்று என் மனைவி பல வருடங்களாகச் சொல்லி வந்தாள். எனவே அந்த வழக்கில் நீதிபதிக்கும் கொஞ்சம் ஆதாயம் இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குமேல் பள்ளிக்கூடமும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் பிரிந்துவிட்டோம். அதன்பிறகு வடபழனியிலிருந்து வேளச்சேரி வரை நான் வாசிக்காத மண்டபம் இல்லை. பிறகு டிஜே வந்தான். எங்கள் குழு மொத்தமும் சேர்ந்து போட்ட சத்தத்தை அவன் ஒற்றை விரலால் போட்டான். பந்தியில் அவனுக்கு ஒரு இலை போதும், எங்களுக்கு ஒரு வரிசையே வேண்டும். பெண்ணைப் பெற்றவன் எந்தப் பக்கம் சாய்வான்?

கல்யாண மேடையில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். இடைவெளி விடக்கூடாது. பாடகி தண்ணீர் குடிக்கிறாளா, கீபோர்டில் ஒரு பிட்டு போடு. மைக் செத்துவிட்டதா, ஒரு பிட்டு. மாப்பிள்ளையின் பெரியப்பா வாழ்த்துரைக்க மேடையேறி மூச்சு வாங்குகிறாரா, அவர் வாங்கி முடிக்கிற வரைக்கும் பிட்டு. சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், ரசத்தில் கையை வைத்தபடி மண்டபமே திரும்பி ‘கரண்டு போச்சா’ என்று பார்க்கும். அந்த அவமானம் எங்கள் குழுவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதற்கு நான் காரணம். என் விரல்களுக்குச் சும்மா இருக்கவே தெரியாது. அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்டபங்கள் கைவிட்ட நேரத்தில்தான் கோடம்பாக்கத்தில் டீ குடிக்கும்போது ஒருவர் எனக்கு இந்த ரெடிமேட் இசையைப் பற்றிச் சொன்னார். கம்பெனி வீடியோக்களுக்கும் சின்னச் சின்ன விளம்பரங்களுக்கும் பின்னால் ஓடுகிற இசை. யாரும் உன்னிடம் வந்து அளவு கொடுத்துத் தைக்கச் சொல்ல மாட்டார்கள். நீயே ஒரு சட்டையைத் தைத்து, வெளிநாட்டுக்காரன் நடத்துகிற ஒரு வலைத்தளத்தில் மாட்டி வைக்க வேண்டும். யாருக்குப் பொருந்துகிறதோ அவன் எடுத்துப் போட்டுக்கொள்வான். ஆனால் மாட்டி வைப்பதற்கு முன்னால் அந்தத் தளத்துக்காரன் கேட்டுப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

அவ்வளவுதானே என்று நினைத்தேன். நான் எத்தனை கல்யாணத்தை ஓட்டியவன், ஒரு சோப்பு விளம்பரத்தை ஓட்ட முடியாதா?

சோப்புக்காகச் செய்த முதல் பாட்டுக்குப் பதில் வந்த அன்று என் மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் திறந்தேன். இங்கிலீஷ் என்பதால் போனையே தமிழாக்கச் சொன்னேன். போன் சொன்னது: ‘உங்கள் படைப்பு தற்போது எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை, உங்கள் எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள்.’

“வாழ்த்துகள்னு போட்டுக்கீது” என்றேன்.

“அதுக்கு முன்னாடி இன்னா போட்டுக்கீது, அத்தப் படி” என்றாள்.

எனக்குக் கல்யாணத்துக்குப் பெண் தேடிய காலம் நினைவுக்கு வந்தது. கேசரியும் பஜ்ஜியும் சாப்பிடுகிற வரை எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு தரகர் வந்து ‘ஜாதகம் பொருந்தலியாம்’ என்பார். மாப்பிள்ளை பொருந்தவில்லை என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை. பாவம், என் ஜாதகம்தான் எல்லாப் பழியையும் சுமந்தது. இங்கே அந்த ஜாதகம்கூடக் கிடையாது.

அடுத்து சோகமான வயலின் அனுப்பினேன். பொருந்தவில்லை. பொம்மை விளம்பரத்துக்கு ஏற்ற மாதிரி குதித்துக் குதித்து ஒன்று அனுப்பினேன். பொருந்தவில்லை. மலை, அருவி, டிரோன் கேமரா எல்லாம் மனதில் வைத்து ஒன்று. அதே வரி, அதே இடத்தில் அதே காற்புள்ளி. கோபம் வந்து எங்கள் வீட்டு ஃபேன் சத்தத்தை அப்படியே போனில் பிடித்து, ‘அமைதியான மாலை’ என்று பெயர் போட்டு அனுப்பினேன். அதுவும் பொருந்தவில்லை. முதலில் சிரித்தேன். மெல்ல மெல்லத்தான் விஷயம் உறைத்தது. என் வயலினும் என் ஃபேனும் அவனுக்கு ஒரே எடை. இரண்டையும் திருப்பி அனுப்ப அவனுக்கு ஒரே வரி போதுமாக இருந்தது.

ஐயா, என்ன குறை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் திருத்திக்கொள்கிறேன் என்று போனிடம் சொல்லி இங்கிலீஷில் எழுத வைத்து அனுப்பினேன். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. அந்த முகவரியிலிருந்து கடிதம் வருமே தவிர, அங்கே கடிதம் போகாதாம். வாய் மட்டும் வைத்துப் படைத்திருக்கிறார்கள், காது வைக்கவில்லை.

“திட்றதுக்குக்கூட நீ லாயக்கில்லன்னு வுட்டுட்டான்யா” என்றாள் என் மனைவி. “நான் எவ்ளோ மேலு பாரு. தெனம் திட்றேன்.”

அது உண்மைதான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது பாட்டைப் பற்றிய திட்டு. அவள் திட்டுகளில் பாட்டைத் தவிர எல்லாம் இருந்தது.

மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு அபிப்பிராயத்துக்கு அலைவது கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு உப்புக்கு அலைவது மாதிரி. எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு மாமா இருந்தார். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மார்கழி வந்தால் சபா சபாவாகப் போய், கேன்டீன் அடையிலிருந்து மிருதங்கம் வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டு வருவார். யாரும் கேட்காமலேயே எங்கள் தெரு இஸ்திரிக்காரரின் கரிக்குக் கருத்துச் சொன்னவர். அவரிடம் போனேன். என் இயர்போனை வாங்கித் துண்டால் நன்றாகத் துடைத்து, காதில் வைத்தார். கண்ணை மூடினார். ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார். என் வாழ்க்கையில் ஒருவர் என் பாட்டை முழுசாகக் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“நன்னாத்தான் பண்ணியிருக்கே” என்றார்.

இயர்போனைக் கழற்றிக் கொடுத்தார்.

“ஆனா இதை எதுக்கு ஒருத்தன் கேக்கணும்?”

“சாமி, எங்க தப்புன்னு சொன்னீங்கன்னா…”

“தப்பெல்லாம் இல்லப்பா. தப்பு இருந்தாத்தான் சொல்லிடுவேனே. எல்லாருக்கும் எல்லாம் வந்துடறதா என்ன? வருத்தப்படாதே. காபி சாப்பிடறியா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆனி பாதி போயிருந்தது. மச்சான் வாரம் ஒருமுறை வந்து, கீபோர்டைச் சுற்றி நடந்து, வாஷிங் மெஷினுக்குத் தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் வரும் என்று அக்காவுடன் விவாதித்துவிட்டுப் போனான்.

என் மனைவிக்கு அடையாறில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை. அங்கே பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்ள ஒரு பெண் வருகிறாள், அவள் வேலையே கம்பெனி வீடியோக்களை வெட்டி ஒட்டி, பின்னால் இந்த மாதிரி இசையைத் தேடிப் போடுவதுதான் என்று ஒருநாள் என் மனைவி சொன்னாள். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. வழக்கை இழுத்தடிக்க அவளுக்கு என்ன அவசியம்? எப்படியோ, அந்தப் பெண்ணுக்கு முறை வருகிற வரை என் பாட்டுகளைக் கேட்கச் சம்மதம் வாங்கிவிட்டாள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பல்வலிக்காரர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் என் போனை வாங்கி, முதல் பாட்டைத் தட்டினாள். இரண்டு நொடி. அடுத்தது. இரண்டு நொடி. அடுத்தது. நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு மில்லில் டோக்கன் கிழிக்கிறவனுக்குக்கூட அவ்வளவு வேகம் கிடையாது.

“அண்ணா, எல்லாத்துலயும் மொதல்ல கோயில் மணி அடிக்குதே, ஏன்?”

“அது பாட்டு இல்லமா. அது பிள்ளையார் சுழி.”

“என்னது?”

எந்தக் கச்சேரியையும் பிள்ளையார் பாட்டு இல்லாமல் எங்கள் குழு ஆரம்பித்ததில்லை. அதனால் நான் செய்கிற ஒவ்வொரு பாட்டின் தலையிலும் மணியோசையும் ஒரு சின்ன நாகஸ்வர இழுப்பும் வைத்துவிட்டுத்தான் பாட்டையே தொடங்குவேன். பொம்மை விளம்பரத்திலும் வைத்தேன், டிரோன் அருவியிலும் வைத்தேன். நெற்றியில் இருக்கிற விபூதி எப்படி நம் கண்ணுக்குத் தெரியாதோ, அது என் காதுக்குக் கேட்டதே இல்லை. அதை அவளிடம் விளக்கினேன்.

“ஐயோ, சிரிக்க வெக்காதீங்கண்ணா, கம்பி குத்துது!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “இத ஒரு பேங்க் வீடியோக்குப் போட்டா, லோன் கேக்க வர்றவன் கைய நீட்டித் தீர்த்தம் கேப்பான்.”

பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

“ஏம்மா, மணிய எடுத்துட்டா சரியாயிருமா?”

“தெரியலண்ணா. மிச்சத்த நான் கேக்கலையே.”

“கேட்டுப் பாருங்களேன்.”

“மொதல்ல புடிச்சாத்தானே மிச்சம்? எனக்கு இந்த மாதிரி எக்கச்சக்கமா கேக்கணும்.”

“வேணாம்னு தள்றீங்களே, ஏன் புடிக்கலன்னு எழுதிப் போடுவீங்களா?”

அவள் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். “யாருக்கு?”

உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பிள்ளையாரைத் தூக்க உட்கார்ந்தால் கை வரவில்லை. “இத்தினி நாளு அவர வெச்சு இன்னாத்த கிழிச்ச? எடுய்யா” என்றாள் என் மனைவி. தெருமுனைப் பிள்ளையாரிடம் போய், இந்த மாதிரி, இந்த மாதிரி, உங்களைக் கொஞ்சம் வெளியில் நிற்க வைக்கப் போகிறேன், தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் பதில் சொல்லவில்லை. மேலே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் இதில் ஒரே பழக்கம்.

எல்லாப் பாட்டிலும் மணியை வெட்டி, ஒரே மூட்டையாக அனுப்பினேன். பதில் வருவதற்கு முன்னால் ஆடி வந்துவிட்டது.

“பதிலு இன்னும் வரல மச்சான்” என்றேன்.

“பரவால்ல மாமா, அது வரவரைக்கும் பொட்டி இருக்கட்டும். நல்ல பதிலா வந்துச்சுன்னா அன்னிக்கே உன்ன அனுப்பிடறேன். இப்ப இந்தா, சட்டைய மாட்டு.”

அரக்கு நிறச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற ஒரு பட்டை. கண்ணாடியில் பார்த்தால் பிரியாணிக் கடை வாசலில் ஆள் கூப்பிடுகிறவன் மாதிரி இருந்தேன்.

பட்டுப்புடவை மாடியில் வெள்ளைத் துணி விரித்த நீளமான மேடை. அதற்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அவர்கள் கையை நீட்டுகிற அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்துப் போட வேண்டும். முந்தியைக் காட்ட வேண்டும். தோளில் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு அலமாரி காலியாகி மேடை முழுக்கப் புடவை மலையாகக் குவிந்த பிறகு, பார்க்க வந்த அம்மா எழுந்து, “கீழ பாத்துட்டு வரோம்” என்பார். கீழே போனவர்கள் யாரும் மேலே வந்ததில்லை. கீழே என்னதான் இருக்கிறது, பாதாள லோகமா என்று எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்தது. என் பக்கத்தில் நின்றவர் பல வருடமாக அங்கே இருப்பவர். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. குவிந்ததை மடிப்பார், அடுக்குவார், அடுத்த ஆளுக்குப் பிரிப்பார்.

“ஒரே ரூல்தான் மாமா” என்று மச்சான் சொல்லியிருந்தான். “போறவங்கள நிறுத்தாத. சிரி, மடி, அடுத்தது.”

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்தார். கூட்டம் இல்லாத நேரம். வீட்டுக்காரர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து போனில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். நான் என் சாமர்த்தியம் எல்லாவற்றையும் காட்டினேன். “இது பாருங்கம்மா, ஜரிகைய பாருங்க. மெய்யாலும் சொல்றேன், போன வாரம் ஒரு டாக்டரம்மா இதே கலர்ல எடுத்துக்கினு போனாங்க. உங்க கலருக்கு இது தூக்கிக் குடுக்கும். இந்த முந்தி பாருங்க, மயில் பறக்கற மாரியே கீது. வெளிச்சத்துல பாருங்க, நெயல்ல பாருங்க…” அவர் கை ஒரு மெரூன் புடவையின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. நான் உடனே அதற்குப் பொருத்தமான ரவிக்கையைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கையை எடுத்துவிட்டார். எழுந்தார்.

“கீழ பாத்துட்டு வரோம்.”

சிரி, மடி, அடுத்தது. எனக்குத் தெரியும். ஆனால் வாய் கேட்டுவிட்டது.

“ஏம்மா புடிக்கல?”

பக்கத்தில் நின்றவர் மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் முறையாக ஏதோ தெரிந்தது. பயம்.

“என்ன கேட்ட?” என்றார் அந்த அம்மா.

“இல்ல, ஒண்ணுமில்லமா. ஏன் புடிக்கலன்னு சொன்னீங்கன்னா கொஞ்சம் நல்லா இருக்கும்.”

அவர் மறுபடியும் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“சரி, கேட்டுட்ட. சொல்றேன், தம்பி. மொதல்ல அந்த பச்சைய உன் தோள்ல போட்டுக் காட்டின பாரு, அந்த மூஞ்சிக்குக் கீழ அந்தக் கலர பாத்ததும் எனக்குப் பச்சையே வெறுத்துப் போச்சு. அது உன் தப்பு இல்ல, பெத்தவங்க தப்பு. விடு. ரெண்டாவது, நீ எதையுமே முழுசாப் பிரிக்கல. பாதி பிரிக்கற, அடுத்தத எடுக்கற. மூணாவதா ஒண்ணு, அதுதான் தாங்கல. உனக்கு வாயே மூடாதா? நானும் பாக்கறேன், வந்ததுலேர்ந்து ஓட்டிக்கிட்டே இருக்க. ஜரிகைங்கற, டாக்டரம்மாங்கற, மயிலுங்கற. நான் புடவைய பாக்க வேணாமா? எனக்குப் புடிச்சிருக்கா இல்லையான்னு நான் யோசிக்கறது எனக்கே கேக்கல தம்பி. அந்த மெரூன எடுத்திருப்பேன். தெரியுமா? நிஜமா எடுத்திருப்பேன். கொஞ்ச நேரம் நீ சும்மா இருந்திருந்தா போதும்.”

“இப்ப வேணா எடுத்துக்கோங்கமா.”

“இப்ப அத பாத்தா உன் கொரல்தான் கேக்குது.”

வீட்டுக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கி, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவருக்கு இந்தத் தீர்ப்புகள் புதிதில்லை போலும். இரண்டு பேரும் போனார்கள். கீழே அல்ல, நேராக மச்சானிடம்.

அவன் என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். “யோவ் மாமா, உன்ன யாருய்யா கேக்கச் சொன்னா? பொம்பளைங்க கிட்ட ஏன் புடிக்கலன்னு இந்தத் தெருவுல எவனாச்சும் கேப்பானா? அவங்க சொல்லாம போறது நம்ம மேல வெச்ச கருணைய்யா! போய்ச் சோத்தத் துன்னுட்டு வா, மூஞ்சக் காட்டாத.”

படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். மூடி வைத்தேன். இயர்போனை மாட்டிக்கொண்டு என் சோப்பு விளம்பரப் பாட்டைப் போட்டேன். அந்த அம்மா மாதிரியே உட்கார்ந்து கேட்டேன். பிறகு, ஒருவர் இதன்மேல் பேசினால் எப்படி இருக்கும் என்று பார்க்க, “வாங்கம்மா, இந்த சோப்பு போட்டா…” என்று மெல்லப் பேசிப் பார்த்தேன். பேச இடமே இல்லை. நான் ‘வாங்கம்மா’ என்றால் புல்லாங்குழல் குறுக்கே வந்தது. ‘சோப்பு’ என்றால் வயலின் ஓடி வந்தது. மூச்சு விடும் இடத்தில் தபேலா. மாப்பிள்ளையின் பெரியப்பா மேடையேறவே இல்லை, ஆனால் நான் எல்லாப் பாட்டிலும் அவருக்காகப் பிட்டு போட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் போன் அதிர்ந்தது. மூட்டைக்குப் பதில். பொருந்தவில்லை, பொருந்தவில்லை, பொருந்தவில்லை. இந்த முறை எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வலிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

மச்சானிடம் ஓடினேன். “மச்சான், காரணம் தெரிஞ்சுபோச்சு! இன்னும் ஒரே ஒரு சான்ஸு குடு!”

“யாரு சொன்னா?”

“அந்தப் புடவ அம்மா.”

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பில் போடுகிற பெண்களைக் கூப்பிட்டு அதைச் சொல்லி, அவர்களும் சிரித்தார்கள். “என்ன ஏன் கேக்கற? ஜட்ஜ கேளு” என்றான்.

ஜட்ஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூலையைப் பார்த்தாள். “ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்பறம் பொட்டியப் பத்தி பேச்சே எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.”

வார விடுமுறை அன்று உட்கார்ந்தேன். அதுவரை நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். நான்கு சுரம் வைத்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். தூக்கிய கை காற்றில் அரிக்கும். எங்கேயோ மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்ப்பது மாதிரி முதுகு வேர்க்கும். கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தேன். மறுபடி நான்கு சுரம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வாசித்ததைவிட வாசிக்காமல் விட்டதுதான் அதிகம். முடித்துக் கேட்டபோது, யாரோ பேசுவதற்காக ஒரு வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்த மாதிரி இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். நடுவில் இயர்போனைக் கழற்றி, ஒயரை ஆட்டிப் பார்த்தாள்.

“இன்னாய்யா, வுட்டு வுட்டு கேக்குது? ஒயரு லூஸா?”

“அது அப்பிடித்தான்.”

“அப்பிடித்தான்னா? ரிப்பேரா?”

அனுப்பினேன். ஆடி முழுக்கக் கடையில் நின்றேன். மதியம் மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். மச்சான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் “இன்னா மாமா, வெள்ளக்காரன் கார் அனுப்பிட்டானா?” என்பான். இந்த முறை எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். இத்தனை வருடத்தில் அப்படித் தெரிந்தது அதுதான் முதல் தடவை.

ஆடி முடிய இருந்த வாரத்தில் பதில் வந்தது.

‘உங்கள் படைப்பு தற்போது எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை, உங்கள் எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள்.’

சாந்தோம் பக்கம் ஒரு சர்ச்சிலிருந்து இரண்டு பேர் ஆட்டோவில் வந்து கீபோர்டை எடுத்துப் போனார்கள். ஆட்டோ போனதும் என் மனைவி துடைப்பத்தை எடுத்து வந்தாள். மூலையைப் பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினாள். “சும்மா நிக்காத, தள்ளு” என்றாள்.

ஆவணியில் கல்யாணக் கூட்டம் தொடங்கியது. பெண்ணும் அம்மாவும் அத்தையுமாக வந்து உட்காருவார்கள். நான் அலமாரியிலிருந்து எடுத்து, முழுசாகப் பிரித்து, மேடையில் விடுவேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். அவர்கள் பார்ப்பார்கள். தொடுவார்கள். தங்களுக்குள் ஏதோ முணுமுணுப்பார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சிலர் எழுந்து கீழே போவார்கள். சிலர் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்து, “இத பேக் பண்ணுங்க” என்பார்கள். அவர்களிடமும் ஏன் என்று நான் கேட்பதில்லை.

ஒருநாள் மச்சான் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பில் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“இன்னா மாமா, இந்த மாசம் உன் டேபிள்தான் ஃபர்ஸ்ட்டு. எங்களுக்கே சொல்லிக் குடேன். இன்னா பண்ற நீ?”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றான்.

நான் அடுத்த புடவையைப் பிரித்தேன்.